ஓரத்தைப் பிடிக்கிறவர்

பிஸ்கட்டைக்கூட அவர் ஓரத்தில்தான் பிடிப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான். அதன் முகத்தில் ஒரு விரல் படாது. டீயில் நனைக்கும்போது பாதி உடைந்து உள்ளே விழுந்தாலும் பிடியை மாற்ற மாட்டார். பேருந்துச் சீட்டு, மின்சார பில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் புகைப்படம், எல்லாவற்றுக்கும் அதே பிடிதான். எங்கள் நாணயச் சங்கத்தில் அவருக்கு ஓரம் அக்கா என்றே பெயர். யாராவது ஒரு காசை உள்ளங்கையில் போட்டு நீட்டினால் போதும், பதறிவிடுவார். "ஓரத்தப் புடிங்க, ஓரத்தப் புடிங்க! என்ன கடலையா, அள்ளிக்கிட்டு வர்றீங்க?"

வேலை, பல்செட் செய்வது. பல் மருத்துவர்கள் அட்டைப்பெட்டியில் அனுப்பும் வாய் அச்சுகளைப் பிரித்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றுவார். இப்போதுதான் எச்சில் பட்டது போல் மின்ன வேண்டும், அதுவரை விட மாட்டார். நகக்கண்களில் எப்போதும் இளஞ்சிவப்புத் தூள் இருக்கும். பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார். சங்கத்தில் சேர்ந்த அன்று நான் வணக்கம் சொன்னேன். "மேல் வரிசையில ரெண்டாவது லேசா திரும்பியிருக்கு. அழகாத்தான் இருக்கு, அப்படியே விட்டுடு," என்று பதில் வணக்கம் வந்தது.

ஞாயிறு காலையில் நூலகத்து மாடி அறையில் கூடுவோம். அவரிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இத அனுப்பலாமா?" காசுகளைத் தரம் பார்ப்பதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே அனுப்பினால் நிபுணர்கள் சோதித்து, மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற உறைக்குள் நிரந்தரமாக மூடித் தருவார்கள். கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. கீறல், பள்ளம் இருந்தால் மதிப்பெண் குறையும். தேய்த்துச் சுத்தம் செய்த காசு என்றால் மதிப்பெண்ணே கிடையாது; 'சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஓரம் அக்காவின் உருப்பெருக்கிக்குக் கீழே காசு ஒருமுறை படுத்து எழ வேண்டும்.

தீர்ப்பு பட்டென்று வரும். "இதுக்குக் கட்டுற பணத்துல நல்லதா ஒரு செருப்பு வாங்குங்க." "இத அனுப்புங்க, இன்னைக்கே அனுப்புங்க, என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க." தேய்த்த காசு வந்தால் மட்டும் முகம் இறுகிவிடும். ஒருமுறை தையல்கடைக்காரர் பழைய வெள்ளிக்காசு ஒன்றைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் அக்கா சொல்வது இதுதான்: "பல்லத் தேய்க்கலன்னா கெட்டுப்போகும். காசத் தேய்ச்சா கெட்டுப்போகும். இது ரெண்டையும் மாத்திச் செஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்!" அறையே சிரிக்கும். தையல்கடைக்காரரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தம்பி வந்தார். பழைய கட்டடங்களை இடிக்கும் வேலை அவருக்கு. சுண்ணாம்பு படிந்த செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார்.

"நானும் வரிசையிலதான்க்கா வந்திருக்கேன். தம்பின்னு சலுகையெல்லாம் காட்டாத."

அக்காவின் கையிலிருந்த பிஸ்கட் தட்டுக்குத் திரும்பிப் போனது. "இத எதுக்குடா இப்ப எடுத்துட்டு வந்த?"

தம்பி எங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டுச் சுவரை இடிக்கும்போது, செங்கல்லுக்கு நடுவே கிடைத்த வெள்ளிக்காசு. வீட்டுக்காரர், நீயே வைத்துக்கொள்ளப்பா என்று கொடுத்துவிட்டார். கன்னங்கரேல் என்று இருந்ததை, பார்த்துக் கொடு என்று அக்காவிடம் தந்திருக்கிறார். ஒரு வாரத்தில் அக்கா பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாராம். "எப்படி மின்னுது பாருங்க! அன்னைலேர்ந்து ஒரு விரல் பட்டதில்ல. அக்கா அப்புறம் சொல்லிக் கொடுத்த மாதிரி ஓரத்துலதான் புடிப்பேன். படிக்கும்போது நான் எதுலயும் மார்க் வாங்கல. இதாவது வாங்கட்டுமே!"

விண்ணப்பத் தாளை ஏற்கெனவே நிரப்பியிருந்தார். 'நாணயம் சுத்தம் செய்யப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே, தான் தேய்க்கவில்லை என்ற தைரியத்தில் 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு.

அக்கா உருப்பெருக்கியை எடுத்தார். வழக்கமாக ஒரு காசுக்கு அரை நிமிடம் ஆகும். அன்றைக்கு, பக்கத்தில் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்த நான் மூன்று முறை பேனாவை மூடித் திறந்தேன். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். காசின் முகம் முழுக்க மயிரிழை போன்ற கோடுகள், எல்லாம் ஒரே வளைவில் ஓடின. எழுத்துகளின் விளிம்புகள் சோப்பு போல மழுங்கியிருந்தன. அந்த வளைவை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அக்காவின் வேலைக்கூடத்தில், துணிச் சக்கரம் சுழல்கிற வளைவு அது. எனக்கு முகம் சூடாகிவிட்டது; தப்பு செய்தது நான் என்பது போல.

"அனுப்ப வேணாம்டா," என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஓரத்துல ஒரு அடி பட்டிருக்கு. மார்க் வராது."

பொய்யில்லை. ஓரத்தில் நிஜமாகவே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. தம்பி குனிந்து அதைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"அது என் கடப்பாரைதான். கொஞ்சம் தள்ளிக் குத்தியிருக்கக் கூடாதா நான்? நீ அவ்வளவு பாடுபட்டுப் பாத்துக் கொடுத்த. உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கெடுத்து வச்சிருக்கேன் பாரு." தலையைச் சொறிந்துகொண்டார். "மன்னிச்சிரு அக்கா."

அக்கா உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வாசலில் இருந்த சுண்ணாம்புச் செருப்பைப் பார்த்தார்.

"கடப்பாரை இல்லடா," என்றார். "அந்த அடியோட அனுப்பியிருந்தாக்கூட ஏதோ ஒரு மார்க் வந்திருக்கும். நான்தான். சக்கரத்துல வச்சுட்டேன். பல்செட்டுக்குப் போடுற பவுடர் போட்டு, பளபளன்னு ஆக்கிக் கொடுத்தா நீ சந்தோஷப்படுவன்னு... அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது."

தையல்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப என் பல்பொடியே பரவாயில்ல போலிருக்கே."

"ஆமாங்க," என்றார் அக்கா. "பரவாயில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னவரே அப்புறம் தன் இஞ்சிடேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டார் தம்பி.

"இங்க சேர்ந்த வருஷமே."

"அப்போ பன்னெண்டு வருஷமா..."

"பதினொண்ணு."

தம்பி விண்ணப்பத் தாளை நான்காக மடித்தார். மடித்ததை நகத்தால் நீவி இன்னொரு முறை மடித்தார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் காசை இரண்டு விரலால், ஓரத்தில், அக்கா சொன்ன பிடியிலேயே எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"நீ கொடுத்த அன்னைக்கு என் மூஞ்சியே தெரிஞ்சுதுக்கா இதுல. இப்பவும் தெரியுது. பாதி மீசை." கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ. நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

"அதான்டா," என்றார் அக்கா. "நீ ஒண்ணும் சொல்லியிருக்க மாட்ட. அதான் சொல்ல முடியல."

தம்பி காசை நீட்டினார். "புடி. கீழ போய் டீ சொல்லிட்டு வரேன். எத்தன பேரு, ஏழா?"

நான் அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழக்கம்போல எழுந்தன, பாதியில் நின்றன. பிறகு உள்ளங்கை முழுதாக விரிந்தது. தம்பி அதில் காசைப் போட்டார். அக்கா ஐந்து விரலையும் அதன் மேல் இறுக்கி மூடி, அந்தக் கையை மேசைக்கு அடியில், மடிக்குள் இறக்கிக்கொண்டார்.