அப்பாவுக்காக வேனின் இரைச்சலை அடக்கினோம்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்தே அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. போன வருடம் கண்டியில் அவருக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் நன்றாகத்தான் கேட்டது. எங்கள் பழைய டீசல் வேனில் ஏறினால் மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து மண்டைய இடிக்குது. நீங்க பேசுறதுதான் கேக்கல."

பிலிமத்தலாவையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரை அடிக்கடி அழைத்து வருவோம். வழி முழுக்க வெளியே பார்த்தபடியே வருவார். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா பாவம்ங்க. இந்தச் சத்தத்தக் குறைக்க ஏதாவது செய்யலாமே?"

நான் உடனே ஸ்பொஞ் வாங்கிவந்து கதவு, கூரை என்று கண்ட இடமெல்லாம் ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தால் இரைச்சல் அப்படியே இருந்தது. ஸ்பொஞ் உள்ளே எதிரொலிக்கும் சத்தத்தைக் கொஞ்சம் குடிக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அதற்குக் கனம் வேண்டும். இடுக்குகளும் அடைபட வேண்டும். இதையெல்லாம் பிறகுதான் இருவரும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டோம். மனைவி கதவுத் தகரத்தைத் தட்டினாள். டங்கென்று அதிர்ந்தது. உள்ளங்கையை அழுத்திவைத்துத் தட்டினாள். டொக்கென்று அடங்கியது.

"பாத்தீங்களா? தகரம் ஆடக்கூடாது."

ஆசனங்களைக் கழற்றி, தரையிலும் கதவுகளிலும் கனமான தார் ஷீட் ஒட்டினோம். தரையில் அதன்மேல் தடித்த விரிப்பு. வெடித்த கதவு ரப்பர்களை மாற்றினோம். முன் ஆசனத்துக்குக் கீழே, எஞ்சின் மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதை அடைத்ததும்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வேலை முடிந்தபோது இருவருக்கும் முகமெல்லாம் கரி.

அடுத்த முறை அப்பாவை ஏற்றிக்கொண்டு வரும்போது, மடவளை தாண்டியதும் அவர் கை காதுக்குப் போனது. கழற்றப் போகிறார் என்று நினைத்து எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவரோ கருவியைச் சரியாக அழுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"பாடுறது நீயாம்மா?"

மனைவி வெட்கப்பட்டுப் போனாள். "நான் எப்பவும் பாடிக்கிட்டுத்தான் வருவேன், மாமா."

"நீ சொல்லவே இல்லியேடா," என்று என்னைக் கடிந்துகொண்டு, "நிறுத்தாத, பாடும்மா," என்றார்.

அவள் பாடினாள். அப்பா தொடையில் தாளம் போட்டார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகனங்கள் நத்தையாக ஊர்ந்தன. முந்திப்போக இடம் கிடைத்தும், நான் முன்னால் போன பஸ்ஸின் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.