பெர்னிக் வேகம்

பெர்னிக் ஊரில் டோன்காவிடம் கார் ஓட்டப் பழகியவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் ஆளாகச் சீறிக்கொண்டு கிளம்புவார்கள். வாய்க்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அது மோக்ரா ஷிபிட்சாவின் பாட்டு. நனைந்த தீக்குச்சி என்று அர்த்தம். எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டின் நிஷ் நகரத்தில் நாலு பையன்கள் ஆரம்பித்த ராக் குழு. டோன்காவின் காரில், கோல்ஃப் என்ற பழைய ஜெர்மன் வண்டியில், அந்தக் குழுவின் காசெட்டைத் தவிர வேறு எதுவும் பாடியதில்லை.

"மேடம், பாட்டைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்றாள் இல்கா. பல் டாக்டர். ஐம்பது வயதில் வண்டி பழக வந்தவள்.

"குறைக்கலாம். நீ இறங்கி நடந்து வா, நான் குறைக்கிறேன். க்ளட்ச்! க்ளட்சை ஏன் பாதியில விட்ட? பல்லு பிடுங்கும்போதும் இப்படித்தான் பாதியில விட்டுட்டுப் போவியா?"

"நீங்க கத்துறதுல எனக்குக் காலே ஓடல."

"நான் கத்தல. இது என் சாதாரணக் குரல்."

உண்மைதான். டோன்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அவள் கோபப்படாமல் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதினாறு வயதில் கேட்ட ஒரு பாட்டிலிருந்து என்று அவளே சொல்வாள்.

அந்தக் காலத்தில் பெர்னிக்கின் அடுக்குமாடிகளில் ஆன்டெனாக்கள் எல்லாம் மேற்கே திரும்பியிருந்தன. சொந்த நாட்டு டிவியில் டிராக்டரும் மாநாடும். பக்கத்து நாட்டு டிவியில் கிடார். அந்த டிவியில் ஒருநாள் அரை நிமிஷம் மோக்ரா ஷிபிட்சா வந்தது. டோன்காவின் வகுப்புத் தோழன் ஸ்பாஸின் அப்பா லாரி ஓட்டுபவர். அடுத்த முறை நிஷ்ஷிலிருந்து திரும்பும்போது சீட்டுக்கு அடியில் அவர்களுடைய முதல் ஆல்பத்தை ஒளித்து எடுத்து வந்தார். 'ரொட்டியும் உப்பும் வேண்டாம்' என்று பெயர். அந்தப் பக்கங்களில் விருந்தாளியை ரொட்டியும் உப்பும் நீட்டித்தான் வரவேற்பார்கள். வந்த விருந்தாளி வாசலிலேயே அந்தத் தட்டைத் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு பெயர். ஊரில் உருப்படியான ரெக்கார்ட் ப்ளேயர் ஸ்பாஸிடம்தான் இருந்தது. அவன் ஒரு காசெட்டில் பதிந்தான். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ஊர் முழுக்கப் பரவியது.

மற்றவர்கள் பாட்டில் கிடார் பாடகனுக்குத் துணை போகும். இவர்கள் பாட்டில் கிடார் பாடகனை எதிர்த்து நின்றது. தகரத்தை ஆணியால் கீறுகிற ஓசை. பாஸ் கிடார்தான் மெட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ட்ரம்ஸோ எல்லோருக்கும் அரை அடி முன்னால் ஓடும். 'கதவைத் திற' என்ற பாட்டைக் கேட்ட அன்றே டோன்கா சுரங்கத் தொழிலாளர் மன்றத்துக்குப் போய், பேண்டு வாத்தியக் குழுவின் ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் பார்த்தார்கள். எழவில்லை.

*கதவைத் திற, வெளியில் நான் இருக்கிறேன்.*
*கதவைத் திற, வெளியில் குளிரும் இருக்கிறது.*

அவ்வளவுதான் பாட்டு. ராட்டோமிர் என்ற பாடகன் 'திற' என்பதைச் சொல்கிற விதத்தில் கீல் கழன்றுவிடும்.

இரண்டாவது ஆல்பம் 'லிஃப்ட் ரிப்பேர்'. ஒவ்வொரு பாட்டும் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறி, கடைசிப் படியில் அலறும். பிறகு வந்த எத்தனையோ குழுக்கள் அந்த முணுமுணுப்பையும் அலறலையும் எடுத்துக்கொண்டு பிழைத்தன. மூன்றாவது 'ஜன்னல் ஓரம்'. அப்போது அங்கே போர். ட்ரம்மர் ராணுவத்துக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடிவிட்டான். அவன் விட்டுப்போன சூட்கேஸைத் தட்டியே மிச்சப் பேர் ஆல்பத்தை முடித்தார்கள். சூட்கேஸ் இவ்வளவு பேசும் என்று டோன்கா நினைத்ததில்லை. நான்காவது 'வசந்தம்'. பியானோ, வயலின், பட்டாம்பூச்சி. அந்த சிடியை அவள் செர்ரி மரத்தில் பறவை விரட்டக் கட்டித் தொங்கவிட்டாள். "அதுக்காவது ஆகட்டும்" என்றாள்.

முதல் ஆல்பமும் சிடியாக வந்தது. ஆசையாக வாங்கிப் போட்டாள். பாட்டு இழுத்தது. குரல் தொய்ந்து கிடந்தது. "கம்பெனிக்காரனுங்க புதுசு பண்றேன்னு கெடுத்து வச்சிருக்கானுங்க" என்று மன்றத்தில் எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினாள். காசெட்டோடு வளர்ந்த ஊர் முழுக்க அதையே சொன்னது. பெர்னிக்கில் அது பிறகு தெரிந்த சங்கதியாகிவிட்டது: சிடியை நம்பாதே, கெடுத்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டு அவளுக்கு வெறும் பாட்டாக இருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வேலை கேட்டுப் போனபோது, "பொம்பள கத்துக்குடுத்தா எவன் வருவான்?" என்று டைரக்டர் அவளை வராந்தாவில் நிற்க வைத்தார். நாளைக்கு வா, நாளைக்கு வா. ஒருநாள் அவள் கெஞ்சினாள். "ஐயா, கொஞ்சம் தயவு பண்ணுங்க." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து காசெட்டைப் போட்டாள். மறுநாள் டைரக்டரின் கதவைத் தட்டாமல் காலால் தள்ளித் திறந்தாள். வேலை கிடைத்தது. ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போன புருஷன் திரும்பி வராதபோதும், ரொட்டி விலை காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று ஏறிய குளிர்காலத்தில் போராட்டத்துக்குத் தெருவில் இறங்கி நின்றபோதும், அவள் தலைக்குள் அதே தாளம்தான். கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது ராட்டோமிர் பெர்னிக்குக்கு வருகிறார். முதல் ஆல்பத்துக்கு நாற்பது வயது. பழைய குழுவில் அவர் மட்டும் மிச்சம். மற்றவர்கள் புதுப் பையன்கள். போகிற ஊரிலெல்லாம் ஒரு ரசிகரை மேடையேற்றி ஒரு பாட்டுக்கு வாசிக்க விடுகிறார்கள். பெர்னிக்கில் அது டோன்கா. பாட்டு 'கதவைத் திற'.

"சாகுறதுக்குள்ள ஒரு தடவை" என்றாள் ஸ்பாஸிடம். ஸ்பாஸ் இப்போது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன் ஏனோ திருகாணியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

ஊர்க் கலையரங்கமான பண்பாட்டு மாளிகையில் மத்தியானம் ஒத்திகை. ராட்டோமிருக்கு வெள்ளைத் தாடி, கழுத்தில் மூக்குக் கண்ணாடி, கையில் தேநீர் ஃப்ளாஸ்க். அவர் அவர் மொழியில் பேசினார், இவள் இவள் மொழியில். பாதிக்கு மேல் புரியும். புரியாததை இரண்டு பேருமே கேட்கவில்லை.

டோன்கா குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் ராட்டோமிர் கையைத் தூக்கினார்.

"அம்மா, உங்களை யாராச்சும் துரத்துறாங்களா?"

"இல்ல மாஸ்டர். ஏன்?"

"இந்த ஓட்டம் ஓடுறீங்களே."

"பாட்டே இதுதானே."

குழுவின் இளம் ட்ரம்மர் சிரித்தான். "பெர்னிக்ல எல்லாம் கோல்ஃப் வண்டிதானாமே. ப்ரேக் பிடிக்காதோ?"

"உனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே நான் இதை வாசிச்சேன்டா. வாயை மூடு. மாஸ்டர், நீங்க சொல்லுங்க. ரெக்கார்ட்ல இப்படித்தானே இருக்கு?"

ராட்டோமிர் செல்போனை எடுத்துப் பாட்டைப் போட்டார். இழுத்துக்கொண்டு வந்தது.

"இது சிடி" என்றாள் டோன்கா. "சிடில கெடுத்துட்டானுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எதுல கேட்டீங்க?"

"காசெட்டுல."

"யார் பதிஞ்சது?"

டோன்கா வாயைத் திறந்தாள். ஸ்பாஸ் என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தது. காது மடல் சூடாகியது.

அவர் குரலை உயர்த்தாமலேதான் சொன்னார். "இது கோபத்துல பாடுற பாட்டு இல்லம்மா. எங்கப்பா ஒரு ராத்திரி எங்கம்மாவை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாரு. நான் உள்ள படுத்திருந்தேன். அவ திறக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா, அக்கம்பக்கம் கேக்காம, மெதுவா. கெஞ்சுறவ அவசரப்பட மாட்டா. சாயங்காலம் என் வேகத்துல வாசிங்க. முடியலேன்னா பரவாயில்ல, இந்தப் பையனே வாசிச்சுடுவான்."

"பாக்கலாம்" என்றாள் டோன்கா. குச்சிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஸ்பாஸின் கடைக்குப் போனாள்.

கடையில் உடைந்த போனோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். டோன்கா அவரைத் தாண்டி மேஜைமேல் குச்சியால் ஓங்கித் தட்டினாள்.

"வேகமா பதிஞ்சியாடா?"

ஸ்பாஸ் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கத்தாதே டோன்கா, ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும்! ஐயா, நீங்களும் கேட்டுக்குங்க. இந்த யோக்கியன் நாப்பது வருஷமா ஒரு ஊரையே ஏமாத்தியிருக்கான்."

"ஏமாத்தல. ரெக்கார்ட் நீளம். காசெட்டோட ஒரு பக்கத்துல அடங்கல. கடைசிப் பாட்டு நடுவுல அறுந்துபோச்சு. ப்ளேயர்ல வேகத்தைக் கூட்டுற குமிழ் ஒண்ணு இருந்துச்சு. கொஞ்சமாத் திருப்பினேன்."

"கொஞ்சமா?"

"அடங்குற அளவுக்கு."

"சிடி வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமில்லடா!"

"சொல்லலாம்னுதான் மன்றத்துக்கு வந்தேன். நீ நாற்காலி மேல ஏறி நின்னு கம்பெனிக்காரனோட அம்மாவைத் திட்டிக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"சரி, நீயே சொல்லு" என்றான் ஸ்பாஸ். அவனுக்கும் இப்போது சூடேறியிருந்தது. "கடைசிப் பாட்டை வெட்டியிருக்கணுமா? நீதான் அந்தக் கடைசிப் பாட்டுக்கு அழுவியே, வெட்டியிருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பியா?"

டோன்கா குச்சியை அவன் மார்புக்கு நேராக நீட்டினாள்.

"ரெக்கார்ட் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"போடு. இப்பவே. குமிழைத் தொட்ட, கையை உடைப்பேன்."

கடையின் பின்பக்கம் நின்றபடியே கேட்டாள். ஊசி கரகரத்தது. தகரம் கீறும் கிடார் இப்போது கீறவில்லை. யாரோ நகத்தால் மரக் கதவைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ராட்டோமிர் மூச்சு வாங்கினான். அந்த மூச்சு காசெட்டில் இருந்ததே இல்லை. வேகம் அதை விழுங்கிவிட்டிருந்தது. 'திற' என்பது கட்டளையாக வரவில்லை. கொஞ்சம் திறயேன் என்று வந்தது.

நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிந்தது. மோசமாக இருந்திருந்தால் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். தன்னைக் கதவை உதைக்கச் சொன்ன பாட்டு, உண்மையில் வாசலில் நின்று கெஞ்சுகிற பாட்டு. வராந்தாவில் நின்று தயவு பண்ணுங்க என்று தான் சொன்ன அதே குரல். எந்தக் குரலிலிருந்து ஓடி வந்தாளோ, அதே குரலை நாற்பது வருஷமாகக் காரில் வைத்துக் கொண்டாடியிருக்கிறாள். அவளைக் காப்பாற்றியது ராட்டோமிர் இல்லை. ஒரு குமிழ்.

"நல்லா இருக்குல்ல?" என்றான் ஸ்பாஸ் தயங்கித் தயங்கி.

"உன்கிட்ட எனக்குப் பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சாயங்காலம் அரங்கு நிறைந்துவிட்டது. காசெட் கேட்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலை நரைத்து, தொப்பை விழுந்து, பழைய தோல் ஜாக்கெட்டை இழுத்து மாட்டிக்கொண்டு. இல்காகூட வந்திருந்தாள். முதல் பாட்டிலிருந்தே அரங்கு முழுக்க ராட்டோமிரை முந்திக்கொண்டு பாடியது. அவர் இரண்டு தடவை திரும்பிக் குழுவைப் பார்த்தார். பிழை குழுவில் இல்லை.

டோன்காவின் பெயரைச் சொன்னார்கள். கைதட்டல். இளம் ட்ரம்மர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, "மெதுவா, மேடம்" என்றான் காதருகே.

அவள் உட்கார்ந்தாள். ராட்டோமிர் பக்கத்தில் வந்து குனிந்தார். மைக்கிலிருந்து விலகி, இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தயாரா?" என்றார்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். அன்னிக்கு உங்கம்மாவுக்குக் கதவைத் திறந்தாங்களா?"

அவர் நிமிர்ந்தார். "இல்ல. விடியறவரைக்கும் திறக்கல."

"நீங்க?"

"நான் சின்னப் பையன்."

"மெதுவாக் கேட்டுப் பாத்தாச்சு இல்ல" என்றாள் டோன்கா. "இப்படி ஒரு தடவை கேட்டுப் பாப்போம்."

அவர் வேண்டாம் என்று கையைத் தூக்குவதற்குள் குச்சிகளைத் தட்டிவிட்டாள். பெர்னிக் வேகம். பாஸ் கிடார்காரன் திடுக்கிட்டுத் திரும்பி, அவசரமாக வந்து ஒட்டிக்கொண்டான். ராட்டோமிர் முதல் வரியைத் தன் வேகத்தில் பாடினார். பாதி வரியில் தனியாக நின்றார். இரண்டாவது வரியில் கையை உயர்த்தி, மெதுவாக, மெதுவாக என்று அசைத்தார். டோன்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடித்தாள்.

அவர் பாடுவதை நிறுத்திவிட்டார்.

அரங்கு நிறுத்தவில்லை. *கதவைத் திற* என்று முன்வரிசை கத்தியது, பின்வரிசை கத்தியது, பல் டாக்டர் கத்தினாள். யாரும் கெஞ்சவில்லை. ராட்டோமிர் தன் கிடாரின் கம்பிகள்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தபடி, அரங்கைப் பார்த்து நின்றார். டோன்காவுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது கோபத்தில் விறைத்ததா, வேறெதனாலாவதா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியாது.

"நிறுத்துங்க, அவர் பாடல!" என்றான் இளம் ட்ரம்மர், திரைக்குப் பக்கத்திலிருந்து.

"பாடாட்டிப் போறாரு. அவங்கம்மா இன்னும் வெளியதானே நிக்கிறாங்க" என்றாள் டோன்கா, கையை நிறுத்தாமல்.