ராணிக்கு ஒரு மரக்கால் நெல்

இன்று பாபநாசம் பஸ்ஸில், வில்லி ராணியைப் பற்றிய அந்த மாயாஜால நாவலுக்கு ஃபோனில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நிறை: ராணி ஓரிடத்தில்கூடக் கத்துவதில்லை. அவள் ஆற்றைப் பார்த்தாலே தண்ணீர் பின்வாங்குகிறது. படிக்கும்போது முதுகு சில்லிட்டது.

குறை: அவள் செத்த பிறகும் குடிகள் அவளுக்கு நெல் அளக்கிறார்கள். எவன் நம்புவான்?

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா என் ஃபோனை எட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்:

"ஏன் நம்ப முடியாது? எங்க பண்ணை வீட்டு அம்மா செத்து முப்பது வருஷமாச்சு. நாங்க இன்னும் வைக்கிறோமே."

"நிலம் இன்னும் அவங்களுதா?"

"இல்லைங்க. போராடி வாங்கிட்டோம். பட்டா எங்க பேர்லதான். ஆனாலும் அறுப்பு முடிஞ்சா, களத்துல முதல் மரக்கால் நெல்லு அவங்களுக்குத்தான்."

"யாரு எடுத்துக்குறாங்க?"

"தெரியலைங்க. காலையில பாத்தா நெல்லு இருக்காது. மரக்கால் மட்டும் ஈரமா, கழுவிக் கவுத்து வச்சிருக்கும்."

"கழுவியா? ஏன்?"

அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போலப் பார்த்தார்.

"நாங்க தொட்டதாச்சே."

இறங்கியதும் அந்தக் குறையை அழித்துவிட்டேன். இப்போது ஒரே குறைதான்: ஆசிரியர் ராணியை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டார்.

மறுப்பவர்கள் வரலாம். நீங்கள் எந்த ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுங்கள்.