மூக்கைப் பொத்தாத வாரம்

டேனரி நாற்றம் குளித்தால் போகாது. சீயக்காய் போட்டாலும் போகாது. தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவனுக்கு அது நகத்துக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சோறு பிசைந்தால் சோற்றில் வரும். எங்களுக்குப் பழகிவிட்டது. மற்றவர்களுக்கு எப்படிப் பழகும்? பஸ்ஸில் கடைசி சீட்டு எங்களுக்கு. யாரும் ஒதுக்கித் தரவில்லை. நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். முந்தானையோ மேல்துண்டோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அது மூக்குக்குப் போகும்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாலாறு பக்கத்தில்தான். ஆனால் மணல்தான் ஓடும். எங்கள் தெருக் கிணறு டேனரிக்குப் பின்னால் இருந்தது. டேனரித் தண்ணீர் இறங்கி இறங்கி அது உப்பாகிப் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடித்தால் தாகம் ஜாஸ்தி ஆகும்.

நல்ல தண்ணீர் ஜவுளிக்கடைக்காரர் தோட்டத்துக் கிணற்றில். அந்தக் கிணற்று மேடையில் நாங்கள் ஏறக்கூடாது. எங்கள் பெண்கள் மேடைக்குக் கீழே குடத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் சேந்த வருகிறவர்கள், மனசு வந்தால், மேலே இருந்து ஊற்றுவார்கள். பாதி குடத்தில் விழும். பாதி மாரில் விழும். என் மனைவி நல்ல தண்ணீர் கொண்டுவந்தால் முன்பக்கம் நனைந்துதான் வருவாள். தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். பார்த்தாலே தெரியும், இன்றைக்கு யாருக்குத் தண்ணீர் கிடைத்தது என்று.

அந்த வருஷம் கோடையில் மெட்ராஸில் கப்பலில் இருந்து ஜுரம் இறங்கியது என்றார்கள். ஜுரம் எப்படிக் கப்பலில் வரும் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளில் அது ரயில் ஏறி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் மகன் சரக்கு எடுக்க மெட்ராஸ் போனவர், வந்ததும் படுத்தார். அடுத்து மளிகைக்கடை வீடு. அடுத்து வாத்தியார் வீடு. விஷ ஜுரம் என்று பேர் வைத்தார்கள்.

கடைத்தெருவில் பாதிக் கதவுதான் திறந்தது. டென்ட் சினிமாக் கொட்டகையை மூடினார்கள். குழந்தைகள் கழுத்தில் கற்பூர மூட்டை தொங்கியது. நீலகிரித் தைலம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தர்காவில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ரயிலில் வந்தவர்களை ஊருக்குள் விடாமல் மாந்தோப்பில் இருக்கச் சொன்னார்கள். மூக்குப்பொடி போடுகிற ஒருவர் சலூனில் தும்மினார். ஒரு கன்னம் மட்டும் மழித்தபடி இன்னொருவர் எழுந்து ஓடினார்.

எங்கள் தெருவில் ஜுரம் இல்லை. காரணம் பெரிசாக ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மெட்ராஸில் இருந்து யார் வரப்போகிறார்கள்? ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. டேனரிக்காரனுக்கு ஜுரம் வராது, அந்த நாற்றத்துக்கு நோய் கிட்டவே வராது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் டேனரி கேட்டில் ஜனம் நின்றது. பெண்கள்தான் ஜாஸ்தி. இடுப்பில் குழந்தைகள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி பயந்துபோனார். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. மூச்சு இழுக்க வந்திருந்தார்கள்.

என்னோடு குழியில் நிற்கிறவன் எனக்கு மச்சான் முறை. வாய் சும்மா இருக்காது.

"இன்னா மச்சான் இது? நாம பஸ்ல ஏறினா எறங்கிப் போற ஜனம், இங்க வந்து நின்னுக்கினு இழுக்குது."

"வேலையப் பாரு."

"மேஸ்திரி! கேட்ல டிக்கட் போட்டுடலாமா? கொட்டாயும் மூடிட்டாங்க, ஜனம் எங்க போவும்? குழி ஓரம்னா பெஞ்சு டிக்கட்டு."

"டேய், தோலைப் பொரட்டுடா. சாய்பு வந்தா என்னைப் பொரட்டிடுவாரு."

முதலாளி சாய்பு வந்தார். பார்த்தார். யாரையும் விரட்டவில்லை. அவர் சட்டைப் பையிலும் கற்பூரம் இருந்தது.

ஜவுளிக்கடைக்கார அம்மாவும் வந்தார். மகன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பேத்தி. குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, கொழந்தைய அந்தக் குழி கிட்டக் கொஞ்சம் காட்டேன்."

ஏம்பா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் கூப்பிட்டதே இல்லை. மச்சான் கையை இரண்டு தடவை கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினான். குழி ஓரத்தில் தூக்கிப் பிடித்தான். குழந்தை மூஞ்சியைச் சுளித்தது. அவன் முகத்திலேயே தும்மியது. இருமியது.

"நல்லா இழுத்துக்கோ கண்ணு. ஊருக்கே மருந்து. எங்களுக்கு மட்டுந்தான் நாத்தம்" என்று சிரித்தான்.

அந்த அம்மா குழந்தையை வாங்க அவசரப்படவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் வூட்டுக்காரிய நாளைக்கு நேரா மேடைக்கே வரச் சொல்லு. உங்க தெரு பொம்பளைங்க யாரும் கீழ நின்னு காத்துக் கெடக்க வேணாம். அவங்களே சேந்திக்கட்டும்."

வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை. மறுநாள் போனாள். திரும்பி வரும்போது குடம் தளும்பியது. சேலை காய்ந்திருந்தது. உள்ளங்கையைக் காட்டினாள். கயிறு இழுத்துச் சிவந்திருந்தது.

"அந்தக் கெணத்துக்குள்ள நான் பாத்ததே இல்ல" என்றாள். "மேல நின்னு பாத்தா உள்ள வானம் தெரியுது."

அந்த வாரம் எங்கள் தெருவில் பருப்பு வெந்தது.

வாரக் கடைசியில் மச்சானுக்குக் குழியிலேயே உடம்பு ஆடியது. தொட்டால் கொதித்தது. மேஸ்திரி சுற்றும் முற்றும் பார்த்தார். கேட்டில் ஜனம் இருந்தது.

"கால்ல ஆணி ஏறிச்சின்னு சொல்லு" என்று என்னிடம் சொன்னார். "நொண்டிக்கினே போவச் சொல்லு."

மச்சான் அந்த ஜுரத்திலும் நன்றாகவே நொண்டினான்.

தெருவில் யாரும் கூடிப் பேசவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விஷயம் வெளியே போனால் கிணற்றுக் கயிறு கையை விட்டுப் போய்விடும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை வைத்து இருமினார்கள். தண்ணீருக்குப் போகிற பெண்கள் முகம் கழுவி, பொட்டு பெரிசாக வைத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீடாகப் படுத்தது. கேட்டில் ஜனம் வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு என் மனைவிக்கு வந்தது.

"இன்னிக்கிப் போவாத" என்றேன்.

"போவலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க."

போனாள். மேடையில் கயிறு இழுக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாளி கிணற்றில் விழுந்தது. அவள் நடுங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். யாரோ கத்தினார்கள். அடுத்த நிமிஷம் மேடையில் வேறு ஒருவரும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் மேடைப் படியில் முள் போட்டிருந்தது. டேனரி கேட்டில் ஒருவரும் இல்லை. ஜுரமே அந்த நாற்றத்தில் இருந்துதான் வருகிறது என்று இப்போது பேச்சு.

மச்சான் பாயில் கிடந்தபடி கேட்டான்: "கேட்ல கூட்டம் இருக்குதா?"

"இல்ல."

"படத்தைத் தூக்கிட்டானுங்களா. செரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் மனைவிக்கு ஜுரம் இறங்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. தண்ணீர் நிறையக் கொடு, உள்ளே தங்கினால் பிழைப்பாள் என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். வெல்லம் போட்டுக் கொடுத்தேன். அதுவும் வந்துவிட்டது. நல்ல தண்ணி, நல்ல தண்ணி என்று மட்டும் முனகினாள். பிறகு அதுவும் முனகவில்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். எங்கள் பக்கம் ஆம்பளை தண்ணீருக்குப் போகிற வழக்கம் இல்லை. போனேன். மேடைக்குக் கீழே குடத்தை ஏந்திக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். வெயில் தலைக்கு வந்தது. கை மரத்துப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

கடைசியில் ஜவுளிக்கடைக்கார அம்மாவே வந்தார். முந்தானை மூக்கில் இருந்தது.

"பாப்பா எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"தேறிட்டா." வாளியை எடுத்தபடி கேட்டார், "உங்களுக்குமா வந்துடுச்சி?"

"எங்களுக்குந்தாங்க."

என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைக் கிணற்றில் விட்டார். கயிறு இழுக்க இரண்டு கையும் வேண்டும். முந்தானையை விட்டுவிட்டு இழுத்தார். மேலே நின்றபடி ஊற்றினார். பாதி குடத்தில். பாதி என் மாரில். நான் கேட்காமலே இன்னொரு வாளி சேந்தினார். குடம் நிறைகிற வரைக்கும் ஊற்றினார். முள்ளை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியைத் தூக்கி உட்கார வைத்தேன். டம்ளரை வாயில் வைத்ததும் கண்ணைத் திறந்தாள்.

"யாரு சேந்துனது?"

"நான்தான்."

"மேடைல ஏறினியா?"

"ஏறினேன்."

என் பனியனைப் பார்த்தாள். கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும் ஈரம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். வாந்தி எடுக்கவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டாள்.

சாயங்காலம் வேர்த்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வானம் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சி" என்றேன்.