தண்ணி எடுக்கப் போன பிள்ளை

நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுகிற வாசம் நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ரசத்துக்குத் தாளிக்கிற வாசம் வேறு, காதுக்குக் காய்ச்சுகிற வாசம் வேறு. எனக்கு உறக்கத்தில் கூடத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

கனி உப்பளத்து வேலைக்குப் போகிறவள். மகள் வர்ஷினியை மடியில் சாய்த்து, காதில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

"ஏளா, எத்தன நாளா காது வடியுது?"

"அது ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே வரும், போவும் ஆச்சி. கடல்ல போயி குதிச்சா அப்படித்தான்."

"படிக்காளா?"

"படிப்பு ஏறல. ஆனா எம்மவ இல்லாம டீச்சருக்கு ஒரு வேல ஓடாது, பாத்துக்கிடுங்க. தண்ணி கொண்டார, டீ வாங்கியார, எல்லாத்துக்கும் இவதான்."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் கனி மேல் இல்லை. இதே பேச்சை, இதே பெருமையோடு, என் அம்மை தெருக்குழாயடியில் நின்று சொன்னவள்தான். "டீச்சரு எம்மவளத்தான் தேடுதாவ" என்பாள். மற்ற பொம்பளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நானும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி நிற்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வயிறு எரிகிறது.

அப்பா கருப்பட்டிக் கடை வைக்கப் பனங்காட்டு ஊரை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்த காலம் அது. கடற்கரையை ஒட்டித் தகரக்கூரை போட்ட பள்ளிக்கூடம். மத்தியானம் தூரத்தில் மில் சங்கு ஊதும். ஊதினால் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கலாம். முதல் வகுப்பில் நான்தான் முதலில் எழுந்து ஓடுவேன். அப்புறம் காது வடிய ஆரம்பித்தது. பூண்டு எண்ணெய் விட்டார்கள், பஞ்சு அடைத்தார்கள். பக்கத்துப் பிள்ளைகள் நாற்றம் என்று தள்ளி உட்கார்ந்ததால் டீச்சர் என்னைக் கடைசிக்கு அனுப்பினார்கள். டீச்சர் குரல் பூப்போல இருக்கும். கடைசி வரிசைக்கு அது வந்து சேராது. கேள்வி கேட்டால் முழிப்பேன். "திமிரப் பாரு, வாயத் தொறக்காளான்னு" என்று காதைத்தான் பிடித்துத் திருகுவார்கள். அந்தக் காதையே!

ஆனால் பானையைச் சுட்டிக் கையைக் காட்டினால் போதும், பறந்துபோய்த் தண்ணீர் எடுத்து வருவேன். இந்தப் பிள்ளை வாயால் சொன்னால் நிற்கிறாளே, கையால் சொன்னால் ஓடுகிறாளே, ஏன் என்று ஐந்து வகுப்பிலும் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? பெரிய படிப்பா வேண்டும் அதற்கு? பக்கத்தில் கூப்பிட்டு, "என்னம்மா, கேக்குதா?" என்றால் முடிந்தது. பாஸ் போட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றேன். இன்று இதை எழுதுகிற எழுத்தெல்லாம் அப்புறம் கடையில் பொட்டலம் மடிக்கிற பேப்பரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து நானாகச் சேர்த்தது. யாருக்கும் அதில் பங்கு கிடையாது.

கடை என் கைக்கு வந்த பிறகு ஒரு நாள் தலைசுற்றலுக்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "சின்னதுலயே வந்திருந்தா மருந்தோட போயிருக்கும்மா" என்றார். வலது காது செத்துப்போயிருந்தது. இடது பாதி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அதுவரை நான் மக்கு என்றே நம்பியிருந்தேன்.

இன்று காலை கனியையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் நாற்காலி போட்டாள்.

"வர்ஷினி நல்ல பிள்ள ஆச்சி. படிப்புலதான் கொஞ்சம் வீக். அஞ்சாங்கிளாஸ்ல ஸ்பெஷல் கிளாஸ் வைப்போம், அப்ப பிடிச்சிரலாம்."

"ஓடிப்போனத அஞ்சாங்கிளாஸ்ல எங்கன போயிப் பிடிப்பிய? காது வடியுதே, பாத்தியளா?"

"போன மாசம் டாக்டர் வேன் வந்துச்சே. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணு, காது, பல்லு எல்லாம் பாத்தாங்க."

நான் பிள்ளையின் முகத்தைத் திருப்பி உரக்கக் கேட்டேன். "ஏளா, டாக்டர் ஒங்காதப் பாத்தாவளா?"

"இல்ல ஆச்சி. நாந்தான அவியளுக்குச் சேர் போட்டேன், டீ வாங்கியாந்து குடுத்தேன். நான் வேலையா இருந்தேம்லா."

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்! டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தாள். "கொடம் தூக்குறதுக்கு மட்டும் ஒரு பிள்ள கண்ணுக்குத் தெரியும், காது வடிஞ்சா தெரியாது, என்ன?" என்றேன். இன்னும் சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது.

"நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன் ஆச்சி" என்றாள் டீச்சர் தரையைப் பார்த்து. அப்போதே பிள்ளையை முதல் வரிசைக்கு மாற்றினாள். வரட்டும், மாற்றட்டும். என் கோபம் இதற்கெல்லாம் இறங்குகிற கோபம் இல்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டி வருகையில் வர்ஷினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "நாளைக்கு நான் வரலன்னா தண்ணி யாரு ஆச்சி எடுப்பா?"

"தொண்ட காஞ்சு கெடக்கட்டும்ளா எல்லாரும்!"

அந்தத் தகரக்கூரைப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மில்லும் இல்லை. என் வயசுக்காரர்கள் சேர்ந்தால் அந்தச் சங்கைப் பற்றித்தான் பேசி உருகுவார்கள், என்னமோ பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி. அது எந்த வருஷம் நின்றது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கே நடக்கும். என்னை யாரும் கேட்பதில்லை. எனக்கு அது மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது.