பரிவட்டம் கட்டிய தலை

கோப்பெங் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து வீடு கட்டப்போகிற கம்பெனியில் யுகேந்திரனுக்கு வேலை. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். லயத்தில் இன்னும் ஆறு குடும்பங்கள் இருந்தன.

“உன் ஆட்கள்தானே, நீயே போய்ப் பேசு” என்றார் மேனேஜர். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குள் அவர்கள் காலி செய்யச் சம்மதித்தால் அவன் வேலை நிரந்தரமாகும்.

மாற்று வீடு கிடைக்கும் என்று அவன் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது என்று கேட்டால் மழுப்ப வேண்டும். தள்ளி ஜெலாப்பாங்கில் ஏதாவது ஒரு வீட்டுக்கு ஒரு வருட வாடகை, அவ்வளவுதான் கம்பெனியின் திட்டம். அது அவனுக்குத் தெரியும்.

காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இதே தோட்டத்தைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். ஒரு பெரிய துரை, ஒரு சின்னத் துரை. அந்த இரண்டு பேர் ஆயிரம் பேரை எப்படி அடக்கி வைத்தார்கள்? துரை லயத்துக்குள் காலே வைத்ததில்லை. விடியற்காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கெடுக்கவும், சண்டை தீர்க்கவும், வாயாடுகிறவனைக் காட்டிக்கொடுக்கவும் நம்மிலேயே ஒரு கங்காணி, மண்டோர், இருந்தார். திருவிழாவுக்குத் துரை பணம் கொடுப்பார். பரிவட்டம் யாருக்கு என்பதையும் சொல்லியனுப்புவார். பரிவட்டம் கட்டிய தலை சொன்னால் மாரியாத்தாளே சொன்ன மாதிரி. அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

திருவிழாவன்று கம்பெனி கொடுத்த நன்கொடையோடு அவன் கோயிலுக்குப் போனான். லயத்துக் கடைசி வீட்டுச் சாந்தினி அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

“என்னாடா யுகன், வயிறு லாரி டயரு மாதிரி ஆயிருச்சி.”

“நாள் முழுக்க ஏர்கோன்ல உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்க்கா?”

“அந்த ஏர்கோன்லயே என் மவளுக்கும் ஒரு நாற்காலி பாருலா. தினேஸ்வரி வேலைக்குப் போட்ட போரம் என்னாச்சி?”

“போன வாரமே என் கையால மேனேஜர்கிட்ட குடுத்துட்டேன்க்கா.”

பூசை முடிந்ததும் கோயில் தலைவர் பத்துமலை அவனைக் கூப்பிட்டார். “தம்பி, குனி.”

பட்டுத் துணி நெற்றியைச் சுற்றி இறுகியது. உறுமி முழங்கியது. சனங்கள் அவனைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது.

“வீட்டு விசயமா உங்க ஆபீஸ்ல உன்னயப் பேசச் சொன்னாங்களாமே” என்றார் பத்துமலை. “இதுல பேச என்னா இருக்கு? நீ போலாம்னா போறோம். நம்ம புள்ள நம்மள ஏமாத்துமா?”

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த பேச்சுக்கு இனி தேவையே இல்லை. தலையை ஆட்டினால் போதும். அவன் கை பரிவட்டத்துக்குப் போனது. முடிச்சு எளிதில் அவிழவில்லை. இழுத்துக் கழற்றினான்.

“மாமா, வீடெல்லாம் ஒன்னும் இல்ல. ஒரு வருச வாடகைதான். அப்புறம் நீங்க யாருன்னு கேப்பாங்க. போகாதீங்க.”

உறுமிக்காரர் குச்சியை இறக்கினார். பத்துமலை அவன் கையிலிருந்த துணியையே பார்த்தார்.

“வந்த ஒடனே ஏன் சொல்லல தம்பி? கட்டுற வரைக்கும் குனிஞ்சிக்கிட்டுத்தானே நின்ன?”

அவன் துணியை மடித்து அவரிடம் நீட்டினான்.

“அத விடுங்க மாமா” என்றாள் சாந்தினி. “இப்ப நாங்க என்னாடா செய்யணும்? நீயே சொல்லு.”

இதற்கும் அவன் வாய்தான் வேண்டுமா? “எல்லாரும் ஒக்காந்து பேசுங்கக்கா. நான் சொன்னேன்னு ஒன்னும் செய்யாதீங்க” என்றான். அவள் முகம் வாடியது. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தாள் போல.

கோயிலில் நடந்தது காதுக்கு வந்திருந்தும் திங்கட்கிழமை மேனேஜர் திட்டவில்லை. அவனை உட்காரக்கூடச் சொன்னார். பிறகு தினேஸ்வரியின் விண்ணப்பத்தை மேசை மேல் வைத்தார்.

“இந்தப் பெண்ணும் அந்த லயம்தானே? எப்படி, எல்லாரோடும் நன்றாகப் பழகுவாளா?”