புளியமரம்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் கள்ளக்குறிச்சியில் கடையடைப்பு. கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மலைமேல் கரியாலூரிலிருந்து, பஸ் ஓடாததால் இரவெல்லாம் நடந்தே வந்த பெண்ணுக்காக என் கணினி மையத்தைத் திறந்தேன். இருந்தது ஒரே கணினி.

பாதியில் மானிட்டர் இருண்டது. கேபிள் மாற்றியும் பயனில்லை. டார்ச் அடித்தால் எழுத்து படிக்க முடியாதபடி மங்கலாகத் தெரிந்தது, திரையின் உள்விளக்கு போய்விட்டது.

சின்னசேலம் நண்பரிடம் போனில் வேறு மானிட்டர் கேட்டேன்.

“பெருசா, சின்னதா?”

“எதுனா குடுத்தனுப்புபா.”

சற்று நேரத்தில் அவரே அழைத்தார். “ரோட்ல புளியமரத்த வெட்டிப் போட்டுக்கிறாங்க. வண்டி வராதுபா.”

அவளிடம் சொன்னேன்.

“யாருண்ணா வெட்டனாங்க?”

“தெரியலம்மா.”

முந்தின இரவு கோடரி பிடித்த கொப்புளம் என் உள்ளங்கையில் இன்னும் உடையவில்லை; மானிட்டர் கேட்ட அவசரத்தில் மரம் நினைவுக்கு வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்று கேட்டுத்தான் வெட்டினோம்.